தொட்டபெட்டா: ஒரு சிகரப் பெயரும் அதன் எழுத்து வடிவமும்

முன்னுரை

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா. நீலகிரி மாவட்டத்தில் உதகமண்டலத்திற்குக் கிழக்கே 2,637 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள இச்சிகரத்தின் பெயர் தமிழ்ப் பெயர் அன்று. கன்னடத்திலும் படகத்திலும் ‘பெரிய மலை’ என்று பொருள்படும் பெயராகும். கேரள மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியோ (2,695 மீட்டர்) தமிழர் எவருக்கும் விளக்கமின்றியே பொருள் புலப்படும் பெயரைத் தாங்கியுள்ளது. 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மலைகள் எல்லைகளுக்கு உட்பட்டன. அவற்றின் பெயர்கள் உட்படவில்லை.

ஒரு சிகரத்தின் பெயர் அச்சிகரம் இன்று எந்த ஆட்சிப் பரப்பில் உள்ளது என்பதைக் காட்டுவதில்லை. வரைபடம் வரைய வந்தவர் யாருடைய வாயிலிருந்து அதனைக் கேட்டார் என்பதையே காட்டுகிறது. கேட்ட பெயர் எழுத்தாகும்போதும், ஓர் எழுத்திலிருந்து மற்றோர் எழுத்திற்கு மாறும்போதும் அதில் தடயங்கள் படிகின்றன. தொட்டபெட்டா என்னும் பெயரின் தமிழ் வடிவத்தில் இத்தடயங்கள் எவ்வாறு பதிந்துள்ளன என்பதையும், அவை மொழிபெயர்ப்பாளர்க்கு உணர்த்துவன யாவை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மலைத்தொடரின் பெயரும் சிகரத்தின் பெயரும்

மலைப்பெயர்களை ஆராய்வோர் முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். மலைத்தொடர் முழுவதற்கும் உரிய பெயர் ஒன்று. அத்தொடரில் உள்ள தனித்தனிச் சிகரங்களின் பெயர் மற்றொன்று. தொடரின் பெயர் பெரும்பாலும் சமவெளியில் நின்று நோக்குவோர் இட்ட பெயராக அமைகிறது. சிகரத்தின் பெயர் மலைமேல் வாழ்வோர் இட்ட பெயராக அமைகிறது.

‘நீலகிரி’ என்பது முதல் வகையைச் சார்ந்தது. அதன் இரு உறுப்புகளும் வடசொற்கள். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் தன் வடதிசைப் பயணத்தின்போது நீலகிரியில் தங்கிய செய்தி வருகிறது. அது இன்றைய நீலகிரிதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐயத்திற்கிடமற்ற சான்று கன்னட நாட்டிலிருந்து கிடைக்கிறது. போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தண்டநாயகனாகிய புணிசன் தோடரை அச்சுறுத்தியதையும் நீலமலையைக் கைக்கொண்டதையும் சாமராசநகரில் உள்ள 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தோடர் என்னும் இனப்பெயரும் மலையின் பெயரும் ஒருங்கே காணப்படும் பழைய ஆவணம் இது. வெற்றியைக் கூறும் அரசவை மொழிக்கு மலைத்தொடரின் பெயரே போதுமானதாக இருந்தது.

நீலகிரிக்கு வடகிழக்கே, மைசூர்ச் சமவெளியின் எல்லையில் உள்ள பிளிகிரி இதனோடு ஒப்பிடத்தக்கது. ‘பிளி’ என்பது வெண்மையைக் குறிக்கும் கன்னடச் சொல். ஒருபுறம் நீல மலை, மறுபுறம் வெள்ளை மலை என நிறத்தால் பெயரிடும் முறை, தொலைவில் நின்று காண்பவரின் முறையாகும். மலைமேல் வாழ்பவர்க்கு மலை நீலமாகத் தோன்றுவதில்லை. எந்த மலை பெரிது, எதில் நீர் உண்டு, எதில் தெய்வம் உறைகிறது என்பனவே அவர்க்கு வேண்டிய வேறுபாடுகள். ‘பெரிய மலை’ என்னும் பெயர் இத்தகைய அகநோக்கில் பிறந்ததாகும்.

‘பெட்ட’ என்னும் பொதுக்கூறு

இடப்பெயரைச் சிறப்புக்கூறு, பொதுக்கூறு எனப் பிரிப்பது ஆய்வாளர் மரபு. தொட்டபெட்டா என்பதில் ‘தொட்ட’ சிறப்புக்கூறு, ‘பெட்ட’ பொதுக்கூறு. இவ்விரு கூறுகளும் எங்கெங்குப் பரவியுள்ளன என்று நோக்கின் இப்பெயரின் தாயகம் புலப்படும்.

பெங்களூருக்கு வடக்கே 1,478 மீட்டர் உயரமுள்ள குன்றினைக் கன்னடர் ‘நந்தி பெட்ட’ என்பர். கோட்டையை முதன்மைப்படுத்திய வழக்கில் அது நந்திதுர்க்கம். ஆங்கில வழக்கில் நந்தி ஹில்ஸ். பெங்களூருக்கு வடமேற்கே சிவகங்கை பெட்ட உள்ளது. பெங்களூரிலிருந்து தெற்கே மைசூர் வழியாக உதகை நோக்கிச் செல்லும் வழியில் சாமுண்டி பெட்டவும், குண்டலுப்பேட்டைக்கு அருகில் இமவத் கோபாலசாமி பெட்டவும் வருகின்றன. மலைமேல் ஏறியபின் கோலாரி பெட்ட, கோலி பெட்ட, குன்னூர் பெட்ட, முத்துநாடு பெட்ட எனப் பல சிகரங்கள் இதே பொதுக்கூற்றைப் பெற்றுள்ளன. மலையின் தெற்குச் சரிவிலிருந்து இறங்கிக் கோவைச் சமவெளியை அடைந்தபின் ‘மலை’ என்னும் பொதுக்கூறே ஓங்கி நிற்கிறது. மருதமலையும் ஆனைமலையும் இதற்குச் சான்று.

‘தொட்ட’ என்னும் அடைமொழியும் இவ்வாறே. பெங்களூரை அடுத்துத் தொட்டபள்ளாபுரமும் சிக்கபள்ளாபுரமும் உள்ளன. பெங்களூரின் பழைய நகர்ப்பகுதியில் தொட்டபேட்டையும் சிக்கபேட்டையும் வழங்கின. பெரியது, சிறியது என இணையாகப் பெயரிடுவது கன்னட நாட்டின் பரவலான வழக்கு. ஆகவே தமிழ்நாட்டின் எல்லைக்குள் நிற்கும் இச்சிகரம், பெயரளவில் கன்னட இடப்பெயர்ப் பரப்பின் தென்கோடியில் நிற்கிறது எனலாம்.

ஆயினும் இதனைக் ‘கன்னடப் பெயர்’ என்று மட்டும் கூறி அமைதல் முழு உண்மையாகாது. இச்சிகரத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர் படகர். அவர்கள் மைசூர்ப் பகுதியிலிருந்து வந்தோர் என்பதை அவர்களுடைய வாய்மொழி மரபும் இனப்பெயரும் உணர்த்துகின்றன. தமிழில் சொல்லின் முதலில் வரும் வகரத்திற்கு நேராகக் கன்னடத்தில் ஒலிப்புடைப் பகரம் வருதல் நன்கறிந்த ஒலிமாற்றம்: வேர் – பேரு, வில் – பில்லு, வாய் – பாயி. அவ்வாறே தமிழ் ‘வடகு’ கன்னடத்தில் ‘படக’ ஆகிறது. படகர் என்போர் வடக்கிலிருந்து வந்தோர். 1603ஆம் ஆண்டில் மலபாரிலிருந்து இம்மலைக்கு ஏறிவந்த பாதிரியார் பெனீசியோ, தோடரோடு படகரையும் இங்குக் கண்டு குறித்துள்ளார். கால்டுவெல் காலத்தில் கன்னடத்தின் கிளைமொழியாகவே படகம் எண்ணப்பட்டது. எமெனோ 1939ஆம் ஆண்டில் படக மொழியின் உயிரொலிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், அம்மொழியில் நாவளை உயிர்கள் வேறுபடுத்தும் ஒலியன்களாக இருப்பதை எடுத்துக்காட்டினார். இன்று மொழியியலாளர் பலர் படகத்தைத் தனிமொழியாகவே கொள்கின்றனர். எனினும் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, படகத்தைத் தாய்மொழியாகக் குறித்த 1,30,000க்கும் மேற்பட்டோரைக் கன்னடத்தின் கீழேயே அடக்கியது. எனவே ‘தொட்டபெட்டா கன்னடப் பெயர்’ என்னும் எளிய கூற்றும் அதே அடக்குமுறையை இடப்பெயராய்விலும் தொடரச் செய்கிறது என்பது கருதத்தக்கது.

கேட்டவரும் எழுதியவரும்

இப்பெயர் வரைபடத்தில் ஏறிய சூழலும் பெங்களூரோடு தொடர்புடையது. நான்காம் மைசூர்ப் போர் 1799இல் முடிந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதியும் நீலகிரியும் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு மாறின. வில்லியம் லாம்டன் 1800ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகில் தம் முதல் அடிக்கோட்டினை அளந்தார். 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் தொடங்கிய முக்கோண நில அளவைக்கு அது முன்னோட்டமாயிற்று. நீலகிரியில் 1812ஆம் ஆண்டில் கீஸ், மக்மகன் ஆகியோர் அளவைப் பணியை மேற்கொண்டனர். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். வார்டு 1821ஆம் ஆண்டை ஒட்டி விரிவான அளவையை நடத்தினார்.

அப்போது மலைமேல் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் வாழ்ந்தனர். இவர்கள் அனைவர்க்கும் மொழிகள் உண்டு. மலைகளுக்குப் பெயர்களும் உண்டு. ஆனால் வரைபடத்தில் பெரும்பான்மையாக ஏறியவை படகப் பெயர்களே. படகர் உழவர், எண்ணிக்கையில் மிக்கவர், வருவாய்த்துறையினர் நேரடியாகப் பேச வேண்டியிருந்தவர். அவர்களுடைய பேச்சு, முன்னர் மைசூர் ஆட்சியிலிருந்த பகுதியின் அலுவலர்க்குப் பழக்கமான கன்னடத்திற்கு அணுக்கமானது. தோடர் மொழியோ, உயிரொலிகளின் மிகுதியாலும் மெய்யொலிகளின் நுட்பத்தாலும் வெளியார் காதுக்கு எளிதில் பிடிபடாதது. தோடர் பாடல்களில் இடப்பெயர்கள் நிறைந்திருப்பதை எமெனோ 1971இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு காட்டுகிறது. அப்பெயர்களுள் மிகப் பெரும்பாலானவை பாடலில் நின்றன, வரைபடத்தை அடையவில்லை. ஓர் இடத்திற்குப் பல பெயர்கள் இருந்த நிலையில், அளவையர்க்கு விளங்கிய ஒன்று ‘அதன் பெயர்’ ஆயிற்று.

இவ்வாறு ஏறிய பெயர்களும் சிதையாமல் நிற்கவில்லை. கோத்தகிரி என்பதன் ஈறு மலையைக் குறிக்கும் ‘கிரி’ போலத் தோன்றுகிறது. அது ‘கோத்தர் கேரி’, அதாவது கோத்தர் குடியிருக்கும் தெரு என்பதன் திரிபு என்று விளக்குவர். கன்னடக் ‘கேரி’யும் தமிழ்ச் ‘சேரி’யும் ஒரே வேரின. முன்னுயிர்க்கு முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று, கன்னடத்தில் மாறவில்லை. தெருவைக் குறித்த திராவிடச் சொல் இங்கு மலையைக் குறிக்கும் வடசொல்லாக உருமாறியது. உதகமண்டலம் என்பதன் இறுதியிலும் தோடர் குடியிருப்பைக் குறிக்கும் ‘மந்து’ மறைந்துள்ளது. தமிழின் மன்று, மந்தை ஆகியவற்றோடு உறவுடைய இச்சொல் ‘மண்டலம்’ ஆகி, முன்னுள்ள பகுதி நீரைக் குறிக்கும் ‘உதகம்’ ஆகிவிட்டது. உதகையைச் சூழ்ந்த பிற குன்றுகள் சிலவற்றில் பழைய பெயர்களே விலக்கப்பட்டு, ஸ்னோடன் (2,530 மீட்டர்), எல்க் ஹில் (2,466 மீட்டர்), கிளப் ஹில் (2,448 மீட்டர்) என்னும் ஆங்கிலப் பெயர்கள் நிலைத்தன. இவற்றுக்கிடையே தொட்டபெட்டா பொருள் சிதையாமல் எஞ்சியது. சிதைவு பின்னர் எழுத்தின் வழியே வந்தது.

தமிழ் வடிவம் காட்டும் தடயம்

கன்னடத்தில் இப்பெயரின் முதலொலி ஒலிப்புடைப் பல்லொலி. சிறப்புக்கூற்றின் நடுவில் இரட்டித்து வருவது ஒலிப்புடை நாவளை ஒலி. பொதுக்கூற்றின் நடுவில் இரட்டித்து வருவது ஒலிப்பிலா நாவளை ஒலி. சொல்லின் ஈறு குறில் அகரம். தமிழ் எழுத்தில் ‘ட்ட’ என்பது ஒலிப்பிலா இரட்டையை மட்டுமே குறிக்கும். எனவே கன்னடத்தில் வேறுபட்டு நின்ற இரண்டு இரட்டை ஒலிகளும் தமிழில் ஒன்றாகிவிட்டன. இதன் விளைவு சிறிதன்று. தமிழ் எழுத்தில் உள்ளவாறே கன்னடர் ஒருவர் ஒலித்தால் ‘தொட்ட’ என்பது ‘அணிந்த’ என்று பொருள் தரும். தமிழர்க்கோ அது ‘தீண்டிய’ என்று பொருள் தரும். வானைத் தொட்ட மலை என்னும் நாட்டார் சொற்பிறப்பு விளக்கத்திற்கு இவ்வெழுத்து வடிவம் இடந்தருகிறது. ‘படகர்’ என்னும் வடிவமும் இத்தகையதே. வடக்கு மறைந்து, படகு தோன்றுகிறது.

முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் இன்னும் நுட்பமான செய்தியைத் தருகின்றன. ஆங்கில எழுத்தில் பல்லொலிக்கும் நாவளை ஒலிக்கும் ஒரே எழுத்துதான். ஆங்கில ஏட்டை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் தமிழில் ‘டொட்டபெட்டா’ என்றோ ‘டோடாபெட்டா’ என்றோ வந்திருக்கக் கூடும். தகர முதலாக எழுதியவர் பெயரைக் காதால் கேட்டவர். ஈற்றிலோ நிலைமை வேறு. கன்னட அகர ஈற்றுப் பெயர்கள் தமிழில் ‘அம்’ ஈறு பெறுதல் பழைய மரபு. மர – மரம், புர – புரம் என்பன போல. அம்மரபு செயற்பட்டிருந்தால் ‘பெட்டம்’ கிடைத்திருக்கும். நமக்குக் கிடைத்ததோ ‘பெட்டா’. கருநாடகம் ‘கர்நாடகா’ ஆனதும், கேரளம் ‘கேரளா’ ஆனதும் ஆங்கில எழுத்தின் ஈற்றை நெடிலாகப் படித்ததன் விளைவு. ‘பெட்டா’வும் பெரும்பாலும் அவ்வழியதே. ஆகவே இப்பெயரின் முதலெழுத்து செவிவழி வந்தது. ஈற்றெழுத்து ஏட்டுவழி வந்தது. ஒரே சொல்லில் இரு வழிகளும் சந்திக்கின்றன.

ஏட்டுவழி மட்டுமே வந்த பெயர்களை இதனோடு ஒப்பிடலாம். கன்னடத்தில் ளகரம் பெற்ற பிளிகிரி, தமிழில் பெரும்பாலும் ‘பிலிகிரி’ என எழுதப்படுகிறது. தொட்டபள்ளாபுரம் ‘தொட்டபல்லாபூர்’ ஆகிவிட்டது. லகர ளகர வேறுபாடு இரு மொழிகளிலும் உள்ளது. இடையில் நின்ற ஆங்கில எழுத்தில் இல்லை. பெங்களூர் என்னும் பெயரில் ளகரம் பிழையின்றி நிற்பதற்குக் காரணம், தமிழர் அதனைத் தலைமுறைகளாகக் காதால் கேட்டமையே ஆகும். 2014ஆம் ஆண்டில் ‘பெங்களூரு’ என்னும் வடிவம் ஆங்கிலத்திலும் அதிகாரப்பூர்வமாக்கப்பட்டபின், தமிழ் ஏடுகள் சில கன்னடத்தின் ஈற்று உகரத்தையும் சேர்த்து எழுதத் தொடங்கின.

ஆனைமுடி: ஓர் ஒப்பீடு

ஆனைமுடியின் நிலை இதற்கு நேர்மாறானது. இடுக்கி மாவட்டத்தில், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இரவிகுளத்தில் உள்ள இச்சிகரத்தில் டக்ளஸ் ஹாமில்டன் 1862ஆம் ஆண்டில் ஏறியதாகப் பதிவுள்ளது. ஆனை, முடி ஆகிய இரண்டும் தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானவை. வேறுபாடு ஓர் உயிரொலியில்தான் உள்ளது. தமிழில் ஐகாரமாக நிற்கும் ஈறு மலையாளத்தில் அகரமாகிறது: ஆனை – ஆன. ஆங்கில நூல்கள் சிலவற்றில் ஐகார வடிவமும் சிலவற்றில் அகர வடிவமும் காணப்படுவது, பெயரைச் சொன்னவர் அல்லது எழுதியவர் எம்மொழியினர் என்பதற்குக் குறிப்பாகும். இங்கு எழுத்து மாறினும் பொருள் மறைவதில்லை. தொட்டபெட்டாவில் எழுத்து மாறியபோது பொருளும் மறைந்தது. உறவு மொழிகளுக்கிடையே கூட, ஒலியமைப்பின் எந்த வேறுபாடு எழுத்தில் தப்பிப் பிழைக்கிறது என்பதைப் பொறுத்தே பெயரின் பொருள் நிலைக்கிறது.

உலகச் சிகரங்களின் பெயர்கள்

இச்சிக்கல் தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இராதாநாத் சிக்தார் 1852இல் கணக்கிட்டு மிக உயர்ந்தது எனக் கண்ட இமயச் சிகரத்திற்கு, ஆண்ட்ரூ வா 1856இல் தமக்கு முன் தலைமை நில அளவையராக இருந்த எவரெஸ்டின் பெயரை முன்மொழிந்தார். உள்நாட்டு மக்களால் அதனை ஒலிக்க இயலாது என்று எவரெஸ்டே மறுப்புத் தெரிவித்தார். எனினும் 1865இல் அப்பெயர் ஏற்கப்பட்டது. திபெத்தியரின் சோமோலுங்மா என்னும் பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. காரகோரத்தில் 1856ஆம் ஆண்டு அளவையில் இடப்பட்ட ‘கே2’ என்னும் குறியீடு இன்றும் பெயராகவே நிற்கிறது. அலாஸ்காவில் கொயுக்கோன் மொழியில் ‘உயர்ந்தது’ எனப் பொருள்படும் தெனாலி, 1917இல் மெக்கின்லி ஆயிற்று. 2015இல் மீண்டும் தெனாலி ஆயிற்று. 2025இல் அமெரிக்க அரசின் ஆணையால் மறுபடியும் மெக்கின்லி ஆயிற்று. ‘உயர்ந்தது’ என்பதும் ‘பெரிய மலை’ என்பதும் ஒரே வகைப் பெயர்கள். இத்தகைய எளிய பெயரை வெளியார் பெயரற்ற நிலையாகக் கருதுவதும், அவ்விடத்தில் ஒரு மனிதரின் பெயரை வைப்பதும் வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளன.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, பொதுக்கூறு பிரிக்கத்தக்கதா என்று நோக்குதல். ‘நந்தி பெட்ட’ என்பதில் நந்தி தனித்து நிற்கும் பெயர். எனவே ‘நந்தி மலை’ எனப் பொதுக்கூற்றை மட்டும் பெயர்த்தல் தகும். தொட்டபெட்டாவில் சிறப்புக்கூறு வெறும் அடைமொழி, தனித்து நிற்காது. இதனைத் ‘தொட்ட மலை’ என்று எழுதினால் தவறான பொருள் பிறக்கும். ‘பெருமலை’ என முழுவதும் பெயர்த்தால் படகரின் பெயரிடு மரபே அழியும். முழுப் பெயரையும் காத்து, முதன்முறை வரும் இடத்தில் பொருளைச் சுட்டுவதே பொருத்தம்.

இரண்டாவது, மிகையைக் கண்டு அஞ்சாமை. ‘தொட்டபெட்டா மலை’ என்பதில் மலை என்னும் பொருள் இருமுறை வருகிறது. ஆயினும் பொதுக்கூறு விளங்காத மொழியில் இத்தகைய இரட்டிப்பு இயல்பானது. ‘தொட்டபெட்டாச் சிகரம்’ என்பது இன்னும் தெளிவு.

மூன்றாவது, மூலமொழியின் எழுத்தை நாடுதல். கன்னட, மலையாள இடப்பெயர்களை ஆங்கில எழுத்தின் வழியே தமிழுக்குக் கொணர்வது, தமிழிலும் மூலமொழியிலும் உள்ள வேறுபாடுகளை இடைமொழியின் குறையால் இழப்பதாகும். பிளிகிரி என்று எழுதுவதற்குத் தமிழில் எழுத்து இருக்கும்போது பிலிகிரி என்று எழுதத் தேவையில்லை.

நான்காவது, நிலைபெற்ற வடிவத்தை மதித்தல். ‘தொட்டபெட்டா’ என்பதன் நெடிலீறு பிற்காலத்ததே. எனினும் பாடநூல்களிலும் பெயர்ப்பலகைகளிலும் வேரூன்றிவிட்ட அதனை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆய்வுரைகளில் மட்டும் கன்னட வடிவை உடன் குறிப்பிடுதல் நன்று.

முடிவுரை

தொட்டபெட்டா என்னும் பெயரில் படகரின் பேச்சு, அளவையரின் காது, ஆங்கில ஏடு, தமிழ் எழுத்து ஆகிய நான்கும் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. இவ்வடுக்குகளுக்கு அடியில் தோடரும் கோத்தரும் வழங்கிய பெயர்கள் உள்ளன. தோடர் இன்று சுமார் 2,000 பேரே. கோத்தரின் எண்ணிக்கையும் மிகுதியன்று. இரு மொழிகளும் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றில் மலைகளுக்கும் ஓடைகளுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் பெயர்கள் உள்ளன. எமெனோவின் நூல்கள் அப்பெயர்களில் ஒரு பகுதியைக் காத்துத் தந்துள்ளன. எஞ்சியவற்றைப் பேசுவோரின் ஒலிப்போடு பதிவு செய்து, ஆங்கில எழுத்தின் இடையீடு இன்றித் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவைத்தல் இடப்பெயராய்வாளரின் உடனடிப் பணியாகும். 1812இல் மலையேறிய அளவையர் தமக்கு விளங்கிய ஒரு பெயரை எழுதிக்கொண்டனர். விளங்காத பெயர்களைக் கேட்டு எழுதும் பயிற்சி இன்றைய மொழியியலாளர்க்கு உண்டு. அப்பெயர்களைச் சொல்லும் வாய்களும் மலைமேல் இன்னும் உள்ளன.